மாஸர்யூன்: ஒரு நச்சுச் செடியின் பெயருக்குள் இரண்டாயிரம் வருடங்கள்

"இது முழுக்க முழுக்க இயற்கையானது, பக்க விளைவு எதுவுமே கிடையாது."

வாட்ஸ்அப் குழுக்களில் வாரத்துக்கு ஒரு தடவையாவது இந்த வசனம் வந்து சேர்கிறது. கூடவே ஓர் இலையின் படம், கீழே ஒரு கஷாயத்தின் செய்முறை, முடிவில் "பத்துப் பேருக்கு அனுப்புங்கள்". எழுதியவர் பெயர் இருக்காது. செடியின் சரியான பெயரும் பெரும்பாலும் இருக்காது.

நான் படிப்பிப்பது வரலாறு. மருந்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் மருந்துகளுக்கும் வரலாறு இருக்கிறது. அதனால் இன்றைக்கு ஒரே ஒரு செடியின் கதையைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமான பதிவுதான். தேநீரை வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

ஐரோப்பாவின் குளிர்ந்த காடுகளில் ஒரு சிறு செடி வளர்கிறது. உயரம் ஒரு மீற்றர் அளவுதான். பனி இன்னும் முழுதாகக் கரையாத பெப்ரவரி, மார்ச் மாதங்களில், இலை துளிர்க்கும் முன்பே, வெறும் கொப்பில் இளஞ்சிவப்புப் பூக்கள் ஒட்டிக்கொண்டு பூக்கும். அந்தப் பக்கம் போகிறவரை நிற்க வைக்கும் வாசம். கோடையில் அதே கொப்பில் செக்கச் சிவந்த பழங்கள் பழுக்கும். பார்த்தால் சின்னச் சின்ன மணிகள் மாதிரி இருக்கும். வாயில் போட்டால் நாக்கும் தொண்டையும் எரிந்து வீங்கும், வாந்தியும் வயிற்றோட்டமும் வரும். சில பழங்களே ஒரு பிள்ளையின் உயிருக்கு ஆபத்தாகிவிடும். வியப்பு என்னவென்றால், சில பறவைகள் அதே பழத்தை ஒன்றும் ஆகாமல் தின்றுவிட்டு விதையைக் காடெங்கும் பரப்புகின்றன.

இந்தச் செடியின் விஞ்ஞானப் பெயர் டாஃப்னி மெஸீரியம். டாஃப்னி என்பது, பாடசாலையில் உயிரியல் ஆசிரியர்கள் 'சாதி' என்று சொல்வார்களே, அந்தச் சாதிப் பெயர். ஐரோப்பா, வட ஆபிரிக்கா, ஆசியா என்று பரந்து கிடக்கும் பல டசின் இனங்கள் இந்தச் சாதிக்குள் அடங்கும். பல இனங்களுக்கு மணமுள்ள பூ. சாதி முழுவதுமே நஞ்சுக்குப் பேர்போனது.

நமது நாட்டுக் காடுகளில் டாஃப்னி இல்லை. ஆனால் அதன் உறவினர் இருக்கிறார். 'ஊத்' என்று நாம் மதிக்கும் அகர் வாசனையைத் தரும் மரங்கள் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. களுத்துறை, காலி, இரத்தினபுரிப் பக்கத்து ஈரக் காடுகளில் வளரும் வல்லப்பட்டையும் அதே குடும்பம்தான். கட்டுநாயக்கவில் சுங்க அதிகாரிகள் பயணிகளின் பெட்டிகளிலிருந்து வல்லப்பட்டையைப் பிடித்த செய்திகளை நீங்கள் எத்தனையோ தடவை வாசித்திருப்பீர்கள். ஆகவே குடும்பம் நமக்குத் தெரிந்த குடும்பம்தான். டாஃப்னி குளிர்நாட்டில் வாழும் மச்சான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பெயரைப் பாருங்கள். முதற் சொல் கிரேக்கம். இரண்டாவது சொல் பாரசீகம். 'மாஸர்யூன்' என்ற சொல் அரபு வழியாக இலத்தீனுக்குப் போய் 'மெஸீரியம்' ஆனது. வடக்கு ஐரோப்பாவின் பனிக்காட்டில் வளரும் செடிக்குப் பாரசீகப் பெயர் எப்படி வந்தது? அந்தக் கேள்விக்குப் பின்னாலே போனால்தான் இன்றைய கதை.

முதலில் கிரேக்கர்களிடம் போவோம்.

கிரேக்க மொழியில் 'டாஃப்னி' என்றால் உண்மையில் வேறொரு மரம். வெற்றி பெற்றவர்களின் தலையில் சூட்டுவார்களே லோரல் இலை மாலை, அந்த லோரல் மரம். அப்பலோ என்ற தெய்வம் துரத்தி வர, ஓடித் தப்ப முடியாத ஒரு பெண் மரமாக மாறினாள் என்பது அவர்களது புராணம். அவள் பெயர்தான் அந்த மரத்துக்கும் பெயர். நமது நச்சுச் செடியின் சில இனங்களுடைய இலை லோரல் இலையைப் போல இருப்பதால் பிற்காலத்தில் அந்தப் பெயர் இங்கே வந்து ஒட்டிக்கொண்டது. பெயரின் முதற்பாதியே இரவல் பெயர் என்பதை ஞாபகத்தில் வைத்திருங்கள்.

நச்சுச் செடிகளைக் கிரேக்க வைத்தியர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். 'நைடொஸ் மணி' என்ற ஒரு பழம் அவர்களது மருந்துப் பெட்டியில் இருந்தது. இன்றைய துருக்கியின் தென்மேற்குக் கரையில் இருந்த நைடொஸ் என்ற ஊரின் பெயர் அது. டாஃப்னி சாதியைச் சேர்ந்த ஒரு செடியின் பழம். கடுமையான பேதி மருந்து. கி.பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த டயொஸ்கோரிடீஸ் என்ற வைத்தியர் மருந்துப் பொருட்களைப் பற்றி ஐந்து பாகங்களில் ஒரு நூல் எழுதினார். அதில் இந்த வகைச் செடிகள் வெவ்வேறு பெயர்களில் வருகின்றன. ஒன்றின் பெயர் 'கமேலையா'. 'தரையில் கிடக்கும் ஒலிவ்' என்பது அதன் பொருள். இலை ஒலிவ் இலை மாதிரி இருக்கும். மரமோ குட்டையாக இருக்கும்.

டயொஸ்கோரிடீஸின் நூல் 9ஆம் நூற்றாண்டில் பக்தாத் வந்து சேர்ந்தது. அப்பாஸிய கலீபாக்களின் காலம். இஸ்தஃபான் இப்னு பஸீல் என்பவர் அதைக் கிரேக்கத்திலிருந்து அரபுக்கு மாற்றினார். அந்தக் காலத்தின் தலைசிறந்த மொழிபெயர்ப்பாளரான ஹுனைன் இப்னு இஸ்ஹாக் அதைச் சரிபார்த்தார். இருவரும் கிறிஸ்தவர்கள். முஸ்லிம் ஆட்சியின் கீழ் அறிவுப் பணி எப்படி நடந்தது என்பதற்கு இது ஒரு நல்ல உதாரணம்.

இங்கேதான் ஒரு பெரிய சிக்கல் வந்தது. தத்துவ நூலை மொழிபெயர்க்கும்போது ஒரு சொல் சறுக்கினால் ஒரு வாதம் பிழைக்கும். மருந்து நூலில் ஒரு செடியின் பெயர் சறுக்கினால் ஓர் ஆள் சாகலாம். கிரேக்கத்தில் 'கமேலையா' என்று எழுதியிருக்கிறது. அரபு பேசும் ஊரில் அது எந்தச் செடி? சந்தையில் அதைக் கேட்பதென்றால் என்ன பெயரில் கேட்பது?

இஸ்தஃபான் செய்த காரியத்தை நான் மாணவர்களுக்கு அடிக்கடி சொல்வதுண்டு. அரபுப் பெயர் தெரிந்த செடிகளுக்கு அரபுப் பெயர் எழுதினார். தெரியாதவற்றுக்கு ஊகித்து ஒன்றையும் எழுதவில்லை. கிரேக்கப் பெயரை அப்படியே அரபு எழுத்தில் எழுதிவிட்டு விட்டுவிட்டார். பின்னால் அறிந்த ஒருவரை அல்லாஹ் அனுப்புவான், அவர் இதை விளக்கட்டும் என்ற எண்ணத்தில் அவர் அப்படிச் செய்ததாக ஸ்பெயினின் குர்துபாவைச் சேர்ந்த வைத்தியர் இப்னு ஜுல்ஜுல் பதிவு செய்திருக்கிறார்.

விளக்கும் வேலை நூறு வருடங்களுக்குப் பின்னர் அதே குர்துபாவில் நடந்தது. 10ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. கலீபா மூன்றாம் அப்துர் ரஹ்மானுக்குப் பைசாந்தியப் பேரரசர் அனுப்பிய பரிசுகளில் டயொஸ்கோரிடீஸின் கிரேக்கப் பிரதி ஒன்றும் இருந்தது, செடிகளின் படங்களோடு. ஆனால் குர்துபாவில் பழைய கிரேக்கம் வாசிக்க ஆளில்லை. கலீபா ஆள் கேட்டு எழுதினார். 951இல் நிக்கொலஸ் என்ற துறவி வந்து சேர்ந்தார். ஹஸ்தாய் இப்னு ஷப்ரூத் என்ற யூத வைத்தியரும், முஸ்லிம் வைத்தியர்கள் பலரும் அவரோடு உட்கார்ந்து, பெயர் தெரியாமல் விடப்பட்டிருந்த செடிகளை ஒவ்வொன்றாக இனங்கண்டார்கள். நூலில் உள்ள படம், கிரேக்கப் பெயர், வெளியே மலையில் நிற்கும் செடி: மூன்றையும் பொருத்திப் பார்க்கும் வேலை. இளைஞராக இருந்த இப்னு ஜுல்ஜுல் அந்த வைத்தியர்களோடு பழகியவர். அதனால்தான் இந்தக் கதை நமக்குக் கிடைத்தது.

கிழக்கே, பாரசீகம் பேசும் வைத்தியர்களிடம் இந்த வகைச் செடிக்கு ஏற்கனவே ஒரு பெயர் இருந்தது. அதுதான் மாஸர்யூன். அரபு மருந்து நூல்களில் 'கமேலையா'வுக்கு நேராக மாஸர்யூன் என்ற பெயர் வந்து உட்கார்ந்தது.

இப்னு ஸீனாவின் (980–1037) 'அல்கானூன்' நூலை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதன் இரண்டாம் பாகம் தனி மருந்துப் பொருட்களின் அகராதி. அதில் மாஸர்யூனுக்கும் இடம் உண்டு. உடலில் நீர் கட்டி வயிறு வீங்கும் நோய்க்கு அரபியில் இஸ்திஸ்கா என்று பெயர். அந்த நீரை வெளியேற்றும் கடும் மருந்தாக மாஸர்யூன் கருதப்பட்டது. ஆனால் அந்த மரபு வைத்தியர்கள் யாரும் அதைச் சும்மா பறித்துக் கொடுக்கச் சொல்லவில்லை. இது நஞ்சு என்பதை மறைக்கவுமில்லை. இலையை வினாகிரியில் ஊறவைத்து, பிறகு காயவைத்து, அதன் கடுமையைத் தணித்துத்தான் கையில் எடுத்தார்கள். 'இஸ்லாஹ்', அதாவது சீர்ப்படுத்தல், என்ற ஒரு தனிப் படியே அவர்களது மருத்துவத்தில் இருந்தது. ஒரு மருந்தின் தீங்கு என்ன, அதைத் தணிப்பது எது என்பதையும் மருந்தோடு சேர்த்தே எழுதுவார்கள். யூனானி வைத்தியத்தில் இன்றும் அந்தப் பழக்கம் தொடர்கிறது.

அதாவது, ஆயிரம் வருடங்களுக்கு முந்தின வைத்தியருக்கு "இயற்கையானது, ஆகவே பயமில்லை" என்ற எண்ணமே கிடையாது. செடி வலிமையாக இருக்கிறது என்றால் அது கொல்லவும் வலிமையானது என்பதை அவர் முதல் பாடமாகவே படித்திருந்தார்.

இன்னொருவரையும் இங்கே சொல்லவேண்டும். இப்னுல் பைத்தார். ஸ்பெயினின் மாலகாவில் பிறந்து, வட ஆபிரிக்கா வழியாகக் கிழக்கே பயணம் செய்து, 1248இல் டமஸ்கஸில் காலமானவர். ஏறக்குறைய 1,400 மருந்துப் பொருட்களை அகர வரிசையில் தொகுத்தார். அவரது நூலைத் திறந்தால் கண்ணில் முதலில் படுவது பெயர்கள்தான். இதை டயொஸ்கோரிடீஸ் சொன்னார், இதை காலன் சொன்னார், இதை ராஸி சொன்னார், இதை நான் நேரில் பார்த்தேன் என்று ஒவ்வொரு தகவலுக்கும் சொன்னவரின் பெயரைக் குறித்துக்கொண்டே போவார். நூற்றுக்கும் மேற்பட்ட முன்னோர்களின் பெயர்கள் அதில் வருகின்றன. ஒரு செய்தியை யார் வழியாகப் பெற்றோம் என்று சொல்வது அந்தச் சமூகத்தில் ஊறிப்போன ஒழுக்கம். மருந்து விடயத்தில் அந்த ஒழுக்கம் உயிரைக் காத்தது. பிழை இருந்தால் யாரிடம் தொடங்கியது என்று தேடிப் போக வழி இருந்தது.

அடுத்து, சொல் வடக்கே ஏறுகிறது.

12ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் தொலேடோ நகரம் கிறிஸ்தவர்களின் கையில் இருந்தது. நூலகங்களில் அரபு நூல்கள் நிறைந்திருந்தன. இத்தாலியிலிருந்து வந்த கிரெமோனா ஊர் ஜெரார்ட், 1187இல் இறக்கும்வரை அங்கேயே இருந்து டசின் கணக்கான அரபு நூல்களை இலத்தீனுக்கு மாற்றினார். அவற்றில் ஒன்று அல்கானூன். தொலேடோவில் நடந்தது பக்தாதில் நடந்ததன் மறுபதிப்பு. இலத்தீன் பெயர் தெரியாத செடிகளுக்கு அரபுப் பெயர் அப்படியே இலத்தீன் எழுத்தில் ஏறியது. மாஸர்யூன் 'மெஸெரியொன்' ஆனது.

அல்கானூன் பல நூறு வருடங்கள் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் பாட நூலாக இருந்தது. படித்தவர்கள் வேறு நாட்டவர்கள். அவர்களைச் சுற்றி வளர்ந்ததும் வேறு செடிகள். ஜேர்மன் தேசத்து வைத்தியர் நூலில் மெஸெரியொன் என்று வாசித்துவிட்டு வெளியே பார்த்தால், காட்டில் அதே குணமுள்ள ஒரு செடி நிற்கிறது: எரிக்கும் பட்டை, எரிக்கும் பழம், ஒலிவ் மாதிரி இலை. பெயர் அதன்மேல் ஏறிவிட்டது. 16ஆம் நூற்றாண்டு மூலிகை நூல்களில் அதற்கு 'ஜேர்மன் கமேலையா' என்ற பெயரும் உண்டு. 'இது எங்கள் ஊர்ப் பிரதி' என்று ஒப்புக்கொள்ளும் பெயர் அது. மத்தியதரைக் கடலோரத்துச் செடியின் பெயர், பாரசீக வழியாக, அரபு வழியாக, பனிக்காட்டுச் செடியை வந்து சேர்ந்தது இப்படித்தான்.

இந்தத் தடுமாற்றத்தின் ஆபத்தை உணர்ந்தவர்களும் ஐரோப்பாவில் இருந்தார்கள். அந்திரேயா அல்பாகோ என்ற இத்தாலிய வைத்தியர் வெனிஸ் தூதரகத்தோடு டமஸ்கஸ் போய், ஏறத்தாழ 30 வருடங்கள் அங்கே தங்கினார். அரபு படித்தார், அங்குள்ள அறிஞர்களிடம் கேட்டார், ஜெரார்டின் மொழிபெயர்ப்பில் இருந்த பிழைகளைத் திருத்தினார், அரபுச் சொற்களுக்கு ஒரு விளக்கப் பட்டியலும் தயாரித்தார். அவர் இறந்த பிறகு, 1527இல், அது வெனிஸில் அச்சானது. 300 வருடங்களுக்கும் மேலாகப் புழங்கிவந்த ஒரு நூலில் பெயர்கள் சரியா என்று பார்ப்பதற்காக ஒரு மனிதர் தன் வாழ்நாளில் பாதியை அந்நிய ஊரில் செலவிட்டிருக்கிறார்.

1753இல் சுவீடன் நாட்டு லின்னேயஸ், தாவரங்கள் எல்லாவற்றுக்கும் இரண்டு சொற்களில் பெயரிட்ட தனது நூலை வெளியிட்டார். ஊருக்கு ஒரு பெயர், மொழிக்கு ஒரு பெயர் என்ற குழப்பத்துக்கு முற்றுப்புள்ளி வைப்பதே நோக்கம். இந்தச் செடிக்கு அவர் இட்ட பெயரில் கிரேக்கர்களின் இரவல் பெயரும் பாரசீகரின் மாஸர்யூனும் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்தன. இன்று உலகத்தின் எந்த மூலையில் இருக்கும் தாவரவியலாளரும் 'டாஃப்னி மெஸீரியம்' என்றால் ஒரே செடியைத்தான் நினைப்பார். பக்தாதில் இஸ்தஃபான் வெற்றிடமாக விட்ட வேலை ஒருவகையில் அங்கே போய் முடிந்தது.

பெயர் சரியானது. மருந்து சரியானதா?

19ஆம் நூற்றாண்டு பிரித்தானியாவின் அதிகாரபூர்வ மருந்து நூலில் இந்தப் பட்டைக்கு இடம் இருந்தது. நாட்பட்ட வாதத்துக்கும், மேக நோய்க்கும், தோலில் கொப்புளம் வரவைக்கும் களிம்புக்கும் பாவித்தார்கள். உலர்ந்த பழம் பார்வைக்கு மிளகு மாதிரி இருக்கும். ஜேர்மன் மொழியில் 'மலை மிளகு' என்று பொருள்படும் ஒரு பெயரும் அதற்கு இருந்தது. மிளகு விளையும் நாட்டவர்களான நமக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே வயிற்றைக் கலக்கும்.

பிறகு இரசாயனவியல் வந்தது. 1812இல் வோக்லான் என்ற பிரெஞ்சு இரசாயனவியலாளர் டாஃப்னி இனமொன்றிலிருந்து 'டாஃப்னின்' என்ற பொருளைப் பிரித்தெடுத்தார். உண்மையான கொலைகாரர்கள் பிடிபட இன்னும் ஒன்றரை நூற்றாண்டு சென்றது. டாஃப்னிடொக்சின், மெஸிரீன் என்ற இரண்டும் அவர்களது பெயர்கள். பாருங்கள், மாஸர்யூன் என்ற சொல் இப்போது ஒரு மூலக்கூறின் பெயருக்குள்ளும் போய்விட்டது.

இந்த மெஸிரீன் விடயம் கவனிக்கத்தக்கது. 1975இல் வெளியான ஓர் ஆய்வு, ஆய்வுகூடத்தில் எலிகளின் இரத்தப் புற்றுநோய்க்கு எதிராக இது வேலை செய்வதைக் காட்டியது. இதே மெஸிரீன் எலியின் தோலில் கட்டிகள் வளரத் துணைபோகிறது என்பதையும் வேறு ஆய்வுகள் காட்டின. ஒரே செடி, ஒரே மூலக்கூறு. ஒரு பக்கம் புற்றை எதிர்க்கிறது, மறுபக்கம் புற்றை வளர்க்கிறது. வாட்ஸ்அப் செய்தி எழுதுகிறவர் கையில் முதற்பாதி மட்டும் கிடைத்தால் என்ன எழுதுவார் என்று யோசித்துப் பாருங்கள். இன்றைய நவீன வைத்தியத்தில் இந்தச் செடியை மருந்தாகக் கொடுப்பதில்லை. மருந்து நூல்களிலிருந்து அது வெளியேறிவிட்டது.

டாஃப்னியின் கதையை வைத்தியர்களோடு மட்டும் முடித்தால் பாதிக் கதைதான். நஞ்சை அறிந்து கையாண்ட இன்னொரு கூட்டம் இமயமலையில் இருக்கிறது.

நேபாளத்தின் மலைக்காடுகளில், ஏறத்தாழ 1,600 மீற்றரிலிருந்து 4,000 மீற்றர் உயரம் வரை, டாஃப்னியின் வேறு இனங்கள் வளர்கின்றன. அங்கே அவற்றுக்கு 'லோக்தா' என்று பெயர். மலைவாசிகளுக்கு வேண்டியது பூவும் இல்லை, பழமும் இல்லை. பட்டைதான். தண்டை நிலத்துக்கு மேலே வெட்டி, வேரை விட்டுவிடுவார்கள். சில வருடங்களில் அது திரும்பவும் துளிர்த்து வளரும். உள்பட்டையை ஊறவைத்து, சாம்பல் கரைத்த நீரில் அவித்து, கழுவி, மரச் சுத்தியலால் அடித்துக் கூழாக்குவார்கள். தண்ணீரில் மிதக்கும் துணிச் சட்டத்தில் அந்தக் கூழை ஊற்றிப் பரப்பி, தூக்கி வெயிலில் வைத்தால் கடதாசி.

காத்மாண்டுவில் பிரித்தானியப் பிரதிநிதியின் அலுவலகத்தில் பணியாற்றிய பிரையன் ஹொஜ்ஸன், 1832இல் கல்கத்தாவின் ஆசிய சங்கச் சஞ்சிகையில் இந்தச் செய்முறையை ஒவ்வொரு படியாக விவரித்து எழுதினார். நேபாள அரசின் ஆவணங்களும் சமய நூல்களும் இந்தக் கடதாசியில் எழுதப்பட்டன. இழை நீளமானது, இலகுவில் கிழியாது. பூச்சிகளும் இலகுவில் நெருங்குவதில்லை. பறித்துத் தின்றவனைக் கொல்லும் செடி, அவித்து அடித்துக் கழுவியவனின் காணி உறுதியைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றியது.

இயந்திரக் கடதாசி வந்த பிறகு இந்தத் தொழில் படுத்துவிட்டது. 1980களில் யுனிசெப் நிறுவனத்தின் வாழ்த்து அட்டைகளுக்காக லோக்தா வாங்கத் தொடங்கியதும் மலைக் கிராமங்களில் திரும்ப உயிர்பெற்றது. இன்று உல்லாசப் பயணிகள் காத்மாண்டுவில் வாங்கிவரும் கொப்பிகளும் விளக்குக் கூடுகளும் இந்தப் பட்டைதான். நேபாளிகள் கடதாசியைச் சொல்லும் சொல் 'காகஜ்'. அதுவும் பாரசீகத்திலிருந்து வந்தது. நமது 'காகிதம்' என்ற சொல்லுக்கு நெருங்கிய உறவு. பாரசீகத்தின் ஒரு சொல் சுவீடன்வரை நஞ்சோடு போனது. இன்னொரு சொல் இமயம்வரை கடதாசியோடு போனது. இரண்டும் கடைசியில் ஒரே சாதிச் செடியில் வந்து சந்தித்தன.

இதையெல்லாம் இவ்வளவு நீளமாகச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது.

நமது ஊர்களிலும் இதே ஆபத்து உண்டு. கார்த்திகைப்பூவைப் பாருங்கள்; சிங்களத்தில் நியங்கலா. எவ்வளவு அழகான பூ! அதன் கிழங்கைச் சாப்பிடும் கிழங்கென்று தவறாக எண்ணி அவித்துச் சாப்பிட்டு இறந்தவர்கள் நமது நாட்டில் உண்டு. அந்தக் கிழங்கில் இருக்கும் கொல்சிசின் என்ற பொருள்தான், வைத்தியர் அளந்து கொடுக்கும்போது, கவுட் என்ற மூட்டு நோய்க்கு மருந்து. அலரி என்று சொன்னால் ஒருவர் நினைப்பது சிவப்பு அலரி, மற்றவர் நினைப்பது மஞ்சள் அலரி. இரண்டும் நஞ்சு. ஆனால் இரண்டும் வேறு வேறு செடிகள்.

யூனானியும் ஆயுர்வேதமும் சித்தமும் நமது நாட்டில் முறைப்படி படிப்பிக்கப்படுகின்றன. பட்டம் பெற்று, பதிவு செய்த வைத்தியர்கள் இருக்கிறார்கள். அவர்களை மதிக்கவேண்டும். அவர்களது மரபின் பெயரைச் சொல்லிக்கொண்டு, அந்த மரபின் எந்த நிபந்தனையையும் மதிக்காமல் வரும் செய்திகளைத்தான் நான் சொல்கிறேன். இப்னு ஸீனாவின் பெயர் போட்டு ஒரு கஷாயம் வருகிறது. இப்னு ஸீனாவின் மரபிலோ, கடும் மருந்தின் நஞ்சை எப்படித் தணிப்பது என்பதையும் மருந்தோடு சேர்த்தே எழுதுவார்கள்.

ஆகவே அடுத்த தடவை அப்படி ஒரு செய்தி வந்தால், அனுப்புவதற்கு முன் ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். இது எந்தச் செடி, விஞ்ஞானப் பெயர் இருக்கிறதா? எந்தப் பகுதி: இலையா, பட்டையா, வேரா, விதையா? எப்படிப் பக்குவப்படுத்தியது? எவ்வளவு, யாருக்கு? கர்ப்பிணிக்கும் சிறுபிள்ளைக்கும் சிறுநீரக நோயாளிக்கும் ஒரே அளவாக இருக்க முடியாது. கடைசியாக, இதைச் சொன்னது யார்?

ஐந்தில் ஒன்றுக்காவது பதில் இல்லையென்றால், உங்கள் கையோடு அது நிற்கட்டும். தெரியாத பெயரின் இடத்தில் ஊகித்து எழுதாமல் விட்ட இஸ்தஃபானை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் விட்ட வெற்றிடத்தால் யாரும் சாகவில்லை.

ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் ஒரே பெயரில் அழைக்கப்படும் இரண்டு செடிகள் இருக்கின்றனவா? அல்லது ஒரே செடிக்கு அக்கரைப்பற்றில் ஒரு பெயர், புத்தளத்தில் ஒரு பெயர், மன்னாரில் வேறொரு பெயர் இருக்கிறதா? தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். வீட்டில் உம்மாவிடமும் உம்மும்மாவிடமும் கேட்டும் எழுதலாம். யார் சொன்னது, எந்த ஊர் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். உயிரியல் படிப்பிக்கும் நண்பர்கள் அவற்றுக்குரிய விஞ்ஞானப் பெயரைப் பக்கத்தில் போட்டுத் தந்தால், வரும் தவணையில் பிள்ளைகளோடு சேர்ந்து அதைப் பட்டியலாக்கி வகுப்பறைச் சுவரில் ஒட்டிவைக்கிறேன்.